அந்த ராகம் மட்டும் வேண்டாம்!

கல்யாண வீட்டில் முகாரி கூடாது. காப்புக் கட்டிய தெருவில் பறை கூடாது. திருவிழா மேடையில் சாதிப் பாட்டு கூடாது. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கிராமங்களில் வாசித்துப் பிழைப்பவர்கள் எதையெல்லாம் வாசிக்காமல் விடுகிறார்கள்? அந்தப் பட்டியலை எழுதுவது யார்?

மாசி மகத்தன்று விடியற்காலையில் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த திருக்காஞ்சிக்குப் போனால், சங்கராபரணிப் படித்துறையில் கால் வைக்க இடமிருக்காது. ஒரு பக்கம் வரிசையாகத் தர்ப்பணம். ஈர வேட்டியோடு உட்கார்ந்த ஆண்கள், வாழையிலைத் துண்டில் எள்ளும் பிண்டமும், விரலில் தர்ப்பை. அப்பா பெயரைச் சொல்லி, தாத்தா பெயரைச் சொல்லி, அதற்கு மேல் தெரியாமல் பின்னால் நிற்கும் அக்காவைத் திரும்பிப் பார்ப்பார்கள். நாலு படி தள்ளி, சுற்றுவட்டாரத்துச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும். சாமிக்கு முன்னால் நாதஸ்வரம், தவில். செத்துப்போனவரை நினைத்து அழுகிறவரும், சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவரும் கேட்பது ஒரே வாசிப்பைத்தான். காசியை விட ஒரு வீசம் கூடுதல் புண்ணியம் என்று பேர் வாங்கிய அந்தக் கரையில், 'இந்த ராகம் வேண்டாம்' என்று யாரும் கையைக் காட்டிப் பார்த்ததில்லை.

அதே குழு அடுத்த முகூர்த்தத்துக்கு மண்டபத்தில் உட்காரும்போது நிலைமை வேறு. மாப்பிள்ளை இன்னும் மணவறைக்கு வரவில்லை. புரோகிதர் சுள்ளி அடுக்குகிறார். நாதஸ்வரக்காரர் கொத்திலிருந்து ஒரு சீவாளியைப் பிரித்து, உதட்டில் வைத்து ஈரமாக்கி, ஊசியால் வாயை நெம்பிப் பார்த்து, சரியில்லையென்று இன்னொன்றை மாட்டுகிறார். பைரவியை மெதுவாக இழுக்கிறார். கீழ் இறங்கி வரும் ஒரு பிடி கொஞ்சம் உருக்கமாக விழுகிறது. முன்வரிசையில் பெரியப்பா முறையில் ஒருவர் எழுந்து வந்து காதோடு சொல்வார்: "அண்ணே, முகாரி மாதிரி இருக்கே... வேற ஏதாவது வாசிங்க." அடுத்த நிமிடம் சினிமாப் பாட்டு.

இது எந்தக் கல்யாணத்திலும் நடக்கிற காட்சிதான். இதில் வேடிக்கை என்னவென்றால், பெரியப்பா கேட்டது முகாரியே இல்லை. பைரவிக்கும் முகாரிக்கும் இடையில் வேலி தாழ்வு. இரண்டிலும் இரண்டு தைவதங்கள் வரும்; ஏறும்போது ஒன்று, இறங்கும்போது இன்னொன்று. வித்வானுக்கு வேலி எங்கே என்று தெரியும். கேட்பவருக்கு அந்த உருக்கம் மட்டும்தான் தெரியும். உருக்கம் என்றாலே முகாரி, முகாரி என்றாலே எழவு. இந்தக் கணக்கில் பைரவியும் சேர்ந்து அடிபடுகிறது.

அழுகை எங்கிருந்து வந்தது?

'முகாரி பாடாதே' என்றால் புலம்பாதே என்று பொருள் கொள்ளும் அளவுக்கு அந்த ராகத்தின் பேர் கெட்டுவிட்டது. ஆனால், தியாகராஜர் அதை எதற்கு எடுத்தார் என்று பாருங்கள். 'காருபாரு' என்ற கீர்த்தனை முகாரியில் அமைந்தது. அதன் விஷயம் அயோத்தியில் ராமன் நடத்திய நல்லாட்சி. 'எந்தனினே' என்பதும் முகாரிதான். சபரிக்குக் கிடைத்த பாக்கியத்தை வியக்கும் பாட்டு. நாடு செழிப்பதையும் கிழவி ஒருத்தி பேறு பெறுவதையும் பாட அவருக்கு உகந்ததாக இருந்த ராகம், நமக்குத் தாலி கட்டும் இடத்தில் ஆகாமல் போயிற்று. முசிறி சுப்பிரமணிய ஐயர் நீலகண்ட சிவனின் 'என்றைக்கு சிவகிருபை'யை முகாரியில் பாடிப் பாடித்தான் சபைகளைக் கட்டிப்போட்டார். அது கச்சேரி மேடை. அங்கே சகுனம் பார்ப்பவர் குறைவு.

ராகத்தைக் கெடுத்தது ராகமல்ல. அது எங்கே ஒலித்தது என்பதுதான். புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் வட்டாரத்துக்குத் தெருக்கூத்துதான் முதல் பாட்டு வாத்தியார். பாகூர்ப் பக்கம் அறுப்பு முடிந்து களம் காலியானதும் பாரதம் தொடங்கும். திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அபிமன்யு விழும்போதும் கர்ணன் சாயும்போதும் ஆர்மோனியம் முகாரிக்குப் போகும். விடிய விடிய விழித்திருந்த பெண்கள் அப்போதுதான் முந்தானையை எடுப்பார்கள். அந்த இடத்தில் கூத்துக்காரர் முகாரியைச் சுருக்கினால் ஊர் விடாது. கல்யாணத்தில் கையைக் காட்டி நிறுத்திய அதே பெரியப்பா, கூத்துக்களத்தில் 'இன்னும் ஒரு வாட்டி' என்று கேட்பார்.

கூத்துக்குள்ளேயும் விலக்கு உண்டு. 'கர்ண மோட்சம்' சாவு வீட்டில் ஆடப்படும் கூத்து. கருமாதி இரவில் அதை வைப்பது வட மாவட்டங்களில் பழக்கம். சிறந்த கூத்துகளில் அதுவும் ஒன்று. ஆனாலும் நல்ல காரியத்துக்கு அதை யாரும் கேட்பதில்லை. ஒரு கதை எந்த வாசலில் ஆடப்பட்டதோ அந்த வாசலின் மண் அதன் காலில் ஒட்டிக்கொள்கிறது.

பிறகு சினிமாவும் வானொலியும் வந்தன. 1984 அக்டோபர் 31-இல் இந்திரா காந்தி சுடப்பட்டபோது வழக்கமான நிகழ்ச்சிகள் நின்றுபோய் வானொலியில் வெறும் வாத்திய இசை மட்டும் ஓடியதை ஐம்பதைத் தாண்டியவர்கள் இன்றும் சொல்வார்கள். அதன் பிறகு ரேடியோவில் ஷெனாய் கேட்டாலே 'யார் போயிட்டாங்க?' என்று கேட்பது பழக்கமானது. ஷெனாய் பாவம். வடக்கே அது கல்யாண வாத்தியம்; நமக்கு நாதஸ்வரம் எப்படியோ அப்படி. 1947-இல் சுதந்திரத்தை வரவேற்க டெல்லியில் பிஸ்மில்லா கான் வாசித்தது அதைத்தான். விந்திய மலையைத் தாண்டி வந்ததும் நம் சினிமா இசையமைப்பாளர்கள் அதைச் சாவுக் காட்சிக்கு வைத்தார்கள், அதோடு முடிந்தது. கான்பூரில் மணப்பெண்ணை அழைத்து வரும் அதே ஒலி, கரிக்கலாம்பாக்கத்தில் பிணத்தை நினைவூட்டுகிறது.

1962-இல் வந்த 'பாத காணிக்கை' படத்தில் கண்ணதாசன் எழுதி டி.எம்.எஸ். பாடிய 'வீடு வரை உறவு' கதையும் அதுதான். அந்த மெட்டைப் பேண்டு வாத்தியக்காரர்கள் இறுதி ஊர்வலத்தில் வாசித்து வாசித்து, வேறு எந்த நிகழ்ச்சியிலும் அதன் முதல் வரியைக்கூட எடுக்க முடியாமல் ஆக்கிவிட்டார்கள். அந்தப் பாட்டு அவ்வளவு நல்ல பாட்டு என்பதுதான் அதன் வினை.

ஆகிரியும் சோறும்

ஆகிரி வாசித்தால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்பது வித்வான்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் பேச்சு. சியாமா சாஸ்திரி 'மாயம்மா'வை அதில்தான் செய்தார். ராமன் மேல் பூத்தூவச் சொல்லும் தியாகராஜரின் 'சல்லரே'யும் ஆகிரிதான். பூத்தூவுவதை விட மங்கலம் ஏது? இருந்தாலும் பயம் பயம்தான். 1993-இல் மலையாளத்தில் 'மணிச்சித்திரத்தாழ்' படத்துக்கு எம்.ஜி. ராதாகிருஷ்ணன் துணிந்து ஆகிரியில் ஒரு பாட்டுப் போட்டார். படம் பேயோட்டம் ஓடியது. அதன் கதைதான் 2005-இல் நமக்குச் 'சந்திரமுகி'யாக வந்தது. சோறு கிடைக்கவில்லை என்று அந்தப் படத்தில் யாரும் புகார் சொல்லிக் கேள்வியில்லை.

உண்மையில் மேளக்காரருக்குச் சோறு எப்போது கிடைக்கும் என்பது ராகத்தைப் பொறுத்ததல்ல. ஆனந்தபைரவி வாசித்தவருக்கும் மண்டபத்தில் கடைசிப் பந்திதான்.

வராளிக்கு வேறு கதை. குரு நேரில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யனுக்கும் பகை வரும் என்பார்கள். அதனால் சிஷ்யன் கேட்டுக் கேட்டே கற்றுக்கொள்ள வேண்டும். தியாகராஜரின் பஞ்சரத்னத்தில் 'கனகன ருசிரா' வராளி. திருவையாற்றில் தை மாதம் நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்து அதையும் சேர்த்துத்தான் பாடுகிறார்கள். புன்னாகவராளி வாசித்தால் பாம்பு வரும் என்ற நம்பிக்கை வீட்டுக்கு வீடு தெரியும். சினிமாவும் மகுடிக் காட்சிக்கெல்லாம் அதையே வைத்து நம்பிக்கைக்கு உரம் போட்டது.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரு வரியில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வாசிப்பவர் மனதிலும் அது இருக்கிறது. 1980-இல் 'ஒரு தலை ராகம்' படத்தில் ராசியில்லாத ராஜாவாகவும் கதை முடியும் நேரத்தில் நிற்பவனாகவும் பாடிய பிறகுதான் டி.எம்.எஸ்ஸுக்கு வாய்ப்பு குறைந்தது என்று திரையுலகில் இன்றும் பேசுவார்கள். அவர் தலைமுறை மாறிக்கொண்டிருந்த நேரம் அது. இளையராஜா வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. காரணம் அங்கே இருக்கிறது. ஆனால் பாடகன் பழியைப் பாட்டின் மேல் போட்டால் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

[பெட்டிச் செய்தி] மேளக்காரர் மறுப்பது

கேட்பவர் மட்டும்தான் தடை போடுகிறார் என்றில்லை. மல்லாரி சாமி புறப்பாட்டுக்கு உரியது. பெரும்பாலும் கம்பீர நாட்டையில் வாசிப்பார்கள். சாகித்யம் கிடையாது, முழுக்க ராகமும் லயமும். தேருக்குத் தேர் மல்லாரி, நைவேத்தியத்துக்குத் தளிகை மல்லாரி, தீர்த்தம் எடுத்து வரத் தீர்த்த மல்லாரி என்று வகை உண்டு. வைகாசியில் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேர் நகரும்போது கேட்க வேண்டியது அது. பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த வழக்கம் தொடர்ந்து, இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் தொடுகிறார். இப்போது மாப்பிள்ளை அழைப்புக்கும் மல்லாரி வாசிக்கச் சொல்கிறார்கள். வீடியோவுக்கு நன்றாக இருக்கிறதாம். சாமிக்கு வாசிப்பதை மனிதருக்கு வாசிக்க மாட்டேன் என்று பழைய ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இளையவர்களுக்கு அந்த வசதி இல்லை.

தீயில் காய்ந்த தோல்

ராக விலக்கில் ஒரு விளையாட்டுத்தனம் இருக்கிறது. பறைக்கு வரும்போது அது இல்லை. இங்கே விலக்கப்பட்டது அடி மட்டுமல்ல, அடித்த கையும்தான்.

பறையில் ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு அடி உண்டு. சாமி சாட்டுவதற்கு ஒன்று, வாழ்த்துக்கு ஒன்று, சாவுக்குப் பாடம் அடி, மார் அடித்து அழுவதற்கு மாரடிப்பு அடி. வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, சுண்டிப் பார்த்து, இடது கையில் மெல்லிய சிம்புக் குச்சியும் வலது கையில் அடிக்குச்சியும் பிடித்து எழுப்பும் முதல் அடியிலேயே ஊருக்குத் தெரிந்துவிடும், என்ன சேதி என்று. செல்போன் வரும் முன்னால் அதுதான் அறிவிப்பு. ஆள் அடையாளம் மாறாமல், சாவை நாலு ஊருக்குச் சொல்லும் திறமை அது.

ஊருக்கு ஒரு நியமம் உண்டு. மாரியம்மனுக்கோ திரௌபதிக்கோ காப்புக் கட்டிவிட்டால் அந்தத் தெருவில் சாவு மேளம் அடிக்கக் கூடாது. நடுவில் யாராவது போய்விட்டால் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போக வேண்டும். மறுபக்கமும் இதே மரியாதை உண்டு: தெருவில் பிணம் கிடக்கும்போது கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள், எடுக்கும்வரை பூஜை காத்திருக்கும். இரண்டுக்கும் ஒரு நாகரிகம் இருக்கிறது. ஆனால் காப்பு நாளில் மேளம் நின்றுபோனால், அந்த வாரம் கூலி இல்லாதவர் யார் என்று கேட்டால் பதில் எப்போதும் ஒரே தெருவைக் காட்டும்.

ஊர்ச் சாவுக்கு வந்து அடிப்பது விரும்பிச் செய்த தொழிலல்ல, கட்டளையாக இருந்தது. வர மறுத்தால் வேலை இல்லை, வயலில் இறங்க விடமாட்டார்கள் என்ற மிரட்டல் பின்னால் நின்றது. அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி 1990களில் தமிழகம் முழுவதும் தலித் இளைஞர்கள் 'இனி சாவுக்கு அடிக்க மாட்டோம்' என்று பறையைக் கீழே வைத்தார்கள். சில இடங்களில் தீயில் போட்டார்கள். அதே நேரம் திண்டுக்கல்லில் சந்திரா என்ற கன்னியாஸ்திரி தொடங்கிய சக்தி கலைக்குழு, பெண்கள் கையில் பறையைக் கொடுத்து மேடையேற்றியது. கீழே வைப்பதும் மேடையேற்றுவதும் ஒன்றுக்கொன்று எதிர் போலத் தெரியும். இரண்டும் கேட்டது ஒன்றுதான்: எதை எப்போது அடிப்பது என்று நாங்கள் சொல்கிறோம்.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் மெரினாவில் ஒலித்த பறையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அது சாவு மேளமாகத் தோன்றுவதில்லை. கணினி வேலை பார்ப்பவர்கள் வார இறுதியில் கற்றுக்கொள்கிறார்கள். கல்யாண ஊர்வலத்துக்கே பறை வைக்கிறார்கள். நல்ல மாற்றம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் நகரத்து மேடையில் பறையடிக்கும் பட்டதாரிக்குக் கிடைக்கும் கைதட்டு, கிராமத்தில் இன்றும் சாவுக்கு அடித்துவிட்டு வேலியோரம் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குக் கிடைப்பதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேடைக்குப் போன பறை துள்ளலான அடிகளைத்தான் எடுத்துப் போகிறது. மாரடிப்பு அடியை மேடையில் யார் கேட்பார்கள்? அதை முழுதாக அறிந்த பெரியவர்களோடு அது போய்விடும். சாவு அடியை வெறுத்தது நியாயம். அதில் இருந்த நுணுக்கம் போவது இழப்பு. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல முடிகிறது.

[பெட்டிச் செய்தி] ஒரே பட்டியலில் இரண்டு தோல்

2025 பத்மஸ்ரீ பட்டியலில் மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையாட்டக் கலைஞர் வேலு ஆசான் இருக்கிறார். அதே பட்டியலில் புதுச்சேரியைச் சேர்ந்த தவில் வித்வான் பி. தட்சணாமூர்த்தியும் இருக்கிறார். மங்கல வாத்தியம் என்று கோயிலுக்குள் இருந்த தவிலும், அமங்கலம் என்று தெருவில் நின்ற பறையும் அரசாங்கத் தாளில் ஒரே பக்கத்துக்கு வந்திருக்கின்றன. கல்யாணப் பத்திரிகையில் இன்னும் வரவில்லை.

"ட்ராக் இல்லண்ணே!"

திருவிழா இரவு. அம்மன் வீதியுலா முடிந்து ஆர்கெஸ்ட்ரா தொடங்கிவிட்டது. பதினோரு மணிக்கு மேல் மேடைக்குக் கீழே ஒரு கும்பல் சேரும். ஒருவர் ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டி ஒரு பாட்டைக் கேட்பார். பாட்டு கேட்பவரின் சாதியைப் பெருமையாகச் சொல்வதாக இருக்கும், அல்லது அப்படி எடுத்துக்கொள்ளப்பட்டதாக இருக்கும். பாடினால் காலனிப் பக்கம் கொந்தளிக்கும். பாடாவிட்டால் மேடை மேல் கல் விழும். மேடையில் இருப்பவர்களுக்கு இதற்கென்றே சில பதில்கள் உண்டு. "ட்ராக் இல்லண்ணே." "பேட்ல அந்த பீட் ஏத்தலண்ணே." "பாடுற தம்பிக்குத் தொண்டை கட்டிக்கிச்சு." இசைக் கல்லூரியில் கற்றுத் தராத வித்தை இது. கிராமத்து மேடையில் சுருதி சேர்ப்பதை விட முக்கியமான வித்தை.

1992-இல் 'தேவர் மகன்' வந்தது. வாலி எழுதி இளையராஜா இசையமைத்த 'போற்றிப் பாடடி' படத்தில் ஒரு ஊர்த் தலைவரைப் புகழும் பாட்டு. தென் மாவட்டங்களில் அது சாதிக் கொடியாகத் தூக்கப்பட்டது. 2023-இல் 'மாமன்னன்' பட விழாவில், 'தேவர் மகன்' நாயகன் கமல் முன்னிலையிலேயே, இயக்குநர் மாரி செல்வராஜ் 'தேவர் மகன்' தனக்குள் ஏற்படுத்திய காயத்தைப் பற்றிப் பேசினார். முப்பது வருடம் ஆகியும் மெட்டு ஆறவில்லை. அதன் தாளத்தையும் நாட்டுப்புற வளத்தையும் ரசிக்கிற காது எனக்கும் உண்டு. ஆனால் ஒலிபெருக்கியின் வாய் எந்தத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு பாட்டு பாட்டாகவும் இருக்கும், வசவாகவும் இருக்கும். அப்படி ஒலிக்கும்போது அதை வாசிக்காமல் விடுவதுதான் சரி. முகாரியை விடுவதும் இதை விடுவதும் ஒன்றல்ல. முகாரி கேட்டு யார் வீடும் எரிந்ததில்லை.

ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கேட்டு வரும் வழக்குகளில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தொடர்ந்து விதித்து வரும் நிபந்தனைகள் உண்டு: குறிப்பிட்ட சாதியைப் போற்றியோ தாழ்த்தியோ பாட்டு கூடாது, அரசியல் கட்சித் தலைவர் படங்கள் கூடாது, ஆபாசம் கூடாது. மீறினால் நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் போலீஸுக்கு. புதுச்சேரிக்கும் சென்னை உயர்நீதிமன்றம்தான் மேல். ஆனால் நடைமுறை இங்கே கொஞ்சம் சிக்கல். பாகூர் கொம்யூன் கடலூர் மாவட்டத்தால் சூழப்பட்டது. வில்லியனூருக்கு அந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டம். ஒரே இரவில் இரண்டு ஊரில் மேடை போட்ட குழு, இடையில் மாநில எல்லையைத் தாண்டியிருக்கும். மைக் அனுமதி வேறு ஸ்டேஷன், நேரக் கண்டிப்பு வேறு இன்ஸ்பெக்டர். எந்தப் பாட்டு எந்தப் பக்கம் ஆகாது என்பதைக் குழுக்காரர் தான் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

இப்போது ஆர்கெஸ்ட்ராவே குறைந்து டிஜே வந்துவிட்டது. பென்டிரைவுக்குத் தொண்டை கட்டாது. "பாட்டு இல்லண்ணே" என்று சொன்னால், கேட்டவர் தன் செல்போனையே நீட்டி புளூடூத்தில் போடச் சொல்வார். மறுப்பதற்கு இருந்த கடைசிச் சாக்கும் போயிற்று.

மேளம் நிற்கும் இடங்கள்

எல்லா நிறுத்தமும் அச்சத்தால் அல்ல. 1877-இல் எழும்பிய வில்லியனூர் லூர்து மாதா திருத்தலத்திலும் புனித வாரத்தில், பெரிய வியாழன் மாலைக்குப் பிறகு பாஸ்கா திருவிழிப்பு வரை மணி ஒலிக்கக் கூடாது என்பது கத்தோலிக்க மரபு. பள்ளிவாசல் வாசலில் தொழுகை நேரத்தில் மேளத்தை நிறுத்திவிட்டுத் தாண்டுவது தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் பழைய வழக்கம். அந்த வழக்கம் முறிந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 1882 சேலம் கலவரம் சாட்சி. பள்ளிவாசல் முன் ஊர்வல இசை பற்றிய தகராறு கலவரமாகி, உயர்நீதிமன்றம் வரை போனது. தெருவில் வாசித்துக்கொண்டே போவதற்கு உரிமை உண்டு என்று நீதிமன்றங்கள் சொன்னாலும், தவில்காரர் கையை எடுக்கும் அந்த ஐம்பது அடி தூரம் தீர்ப்பால் வந்ததல்ல.

இன்னொரு விசித்திரமும் இங்கேதான் உண்டு. தன்னை அடக்கி ஆண்ட நாட்டின் பாட்டை வெறுப்பது உலக வழக்கம். புதுச்சேரியில் ஜூலை 14 அன்று கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்தில் இந்திய தேசிய கீதத்தோடு பிரெஞ்சு தேசிய கீதமும் ஒலிக்கிறது. பிரெஞ்சுக் கொடி 1954-இல் இறங்கியது, 1962-இல் சட்டப்படி எல்லாம் முடிந்தது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தாக்களின் குடும்பங்கள் இன்றும் எழுந்து நின்று பாடுகின்றன; மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறார்கள். இத்தனைக்கும் அது ரத்தம் சிந்தச் சொல்லும் போர்ப்பாட்டு. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டையே எடுத்து அம்பாள் மேல் சமஸ்கிருதத்தில் நோட்டுஸ்வரம் செய்த பூமி இது. எந்த மெட்டு உறுத்தும், எது உறுத்தாது என்பதற்குச் சூத்திரம் போட முடியாது. அந்தக் கொடியின் கீழ் ஓய்வூதியம் வாங்கினோமா, அடி வாங்கினோமா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

[பெட்டிச் செய்தி] எழுந்து போனவர்கள், உட்கார்ந்தவர்கள்

ஹிட்லர் விரும்பிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர். 1938-இல் ஜெர்மனியில் யூதர் வீடுகளும் கடைகளும் அடித்து நொறுக்கப்பட்ட பிறகு, பின்னாளில் இஸ்ரேல் ஆன நாட்டின் இசைக்குழு அவரை நிகழ்ச்சியிலிருந்து எடுத்தது. சட்டம் ஒன்றும் போடவில்லை, மரியாதையாக விட்டுவிட்டார்கள். 2001 ஜூலை 7, ஜெருசலேம். நிகழ்ச்சி முடிந்ததும் இசைக்குழு நடத்துநர் டேனியல் பாரன்பாயிம் பார்வையாளர்களிடமே கேட்டார்: வாக்னர் வாசிக்கலாமா, விருப்பமில்லாதவர்கள் போகலாம் என்றார். அரைமணி நேரம் வாக்குவாதம். சிலர் கதவை அறைந்துகொண்டு போனார்கள். மீதிப் பேர் உட்கார்ந்து கேட்டார்கள்.

யார் தலையில் விழுகிறது?

தடை போடுபவர் ஒரு நாள் வந்து போகிறார். விளைவைச் சுமப்பவர் வருடம் முழுக்க வாசிப்பவர்.

வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து மேளக்காரருக்கு வருடத்தில் வேலை நாள் குறைவு. ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியில் கிடையாது, புரட்டாசியில் பலர் வைப்பதில்லை. ஆடி அம்மன் திருவிழா கொஞ்சம் காப்பாற்றும். மீதி மாதங்களில் முகூர்த்த நாளைப் பிடித்தாக வேண்டும். ஒரு மண்டபத்தில் 'அந்த ஆள் முகாரி வாசிச்சான்' என்று பேர் வந்தால் அடுத்த நாலு வீடு கைவிட்டுப் போகும். அதனால் அவர் அபாயமில்லாத நாலு ராகத்தில் நிற்கிறார். கல்யாணி, மோகனம், ஆனந்தபைரவி, ஹம்சத்வனி. மிச்ச நேரத்துக்கு சினிமா. டி.என். ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்காக விரித்ததைக் கேட்கக் கூட்டம் விடிய விடிய நின்ற காலம் கதையாகிவிட்டது. இன்றைக்குத் தோடியே நீளமாக இருக்கிறது என்று வீடியோக்காரர் அவசரப்படுத்துகிறார்.

வாசிக்காத ராகம் கையை விட்டுப் போகும். அப்பாவிடம் முகாரி கற்றவர் பத்து வருடம் அதை வாசிக்கவில்லை என்றால், மகனுக்குச் சொல்லித்தர விரலில் அது மிச்சமிருக்காது. ஆகிரியைப் பாடுகிற பாடகர் சென்னை சபாவில் கிடைப்பார். கிராமத்து நாதஸ்வரத்தில் அது அபூர்வம். மங்கலம் என்று மட்டும் பார்த்துப் பொறுக்கினால் கடைசியில் தோசைக்கல்லில் ஒட்டாத மாதிரி வழுக்கும் நாலு பாட்டுதான் மிஞ்சும்.

சாதியும் இதற்குள் இருக்கிறது. தஞ்சை வட்டாரத்தில் இசை வேளாளர் வாசித்த நாதஸ்வரத்தை வட மாவட்டங்களில் மருத்துவர் சமூகத்தாரும் வாசித்தார்கள். ஊர் அவர்களிடமே சவரத்தையும் இறுதிச் சடங்கையும் சுமத்தியது. காலையில் மணவறையில் மங்கல ஒலி கேட்ட கையிடம், மறுநாள் சுடுகாட்டில் சங்கு ஊதச் சொன்னது. அப்படி இரண்டு வாசலிலும் நின்றவரிடம் 'அந்த ராகம் சாவை நினைவூட்டுகிறது' என்று சொல்லும்போது, அவருக்கு நினைவு வருவது நமக்கு வருவது அல்ல.

இதற்கு ஒரு வழி நடைமுறையிலேயே இருக்கிறது. வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுக்கும்போது நாளையும் நேரத்தையும் பேசுகிறார்கள், பணத்தைப் பேசுகிறார்கள். வேண்டாத பாட்டையும் அப்போதே பேசிவிடலாம். வாசிப்பின் நடுவில் எழுந்து வந்து கையைக் காட்டுவது, பேசிக்கொண்டிருப்பவரின் வாயைப் பொத்துவதற்குச் சமம். வேண்டாததைச் சொல்ல வீட்டாருக்கு உரிமை உண்டு. அவர்கள் பெண், அவர்கள் சகுனம். அதே நேரம் மேளக்காரர் தரப்பிலும் ஒரு பட்டியல் எழுத விட வேண்டும். அரைமணி நேரமாவது ஒரு ராகத்தை இடையூறின்றி வாசிக்க விடவேண்டும். குடித்துவிட்டு வந்து ரூபாய் நோட்டைத் தவிலில் ஒட்டக் கூடாது. மேடை ஏறிச் சாதிப் பாட்டு கேட்பவரைத் தடுப்பது விழாக் கமிட்டியின் வேலை, கீபோர்டுக்காரரின் வேலையல்ல. சாவுக்கு அடிக்க விருப்பமில்லாத பறைக்குழுவைக் கூப்பிட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது. விரும்பி அடிப்பவருக்குக் கூலியோடு பந்தியில் இலையும் போட வேண்டும். முதல் பந்தியிலேயே.